கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

மல்காஜ்கிரியில் வாழும் நம்மவர் குடும்பங்களில் பெண் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வது இன்று புதுமையல்ல. ஆனால் பட்டம் பெற்ற மகள், மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னால் வீட்டில் ஒரு தயக்கம் எழத்தான் செய்கிறது. இன்னும் எத்தனை வருஷம், செலவுக்கு என்ன வழி, கல்யாணம் எப்போது என்ற கேள்விகள் வருகின்றன. அத்தகைய பெற்றோர் அறிய வேண்டிய வரலாறு, தாவரவியல் விஞ்ஞானி டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாளுடையது.

அம்மையார் 1897ம் ஆண்டு நவம்பர் 4ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் சப் ஜட்ஜ். பிள்ளைகள் பலர் இருந்த பெரிய குடும்பம். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அதுவே பெரிய பதவி. அவர் அத்துடன் நின்றிருக்கலாம்.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து ஓர் உதவி வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்த ஆசியப் பெண்கள், தாய்நாடு திரும்பி டாக்டர்களாகத் தொண்டு செய்வதை லீவை பார்பர் என்ற செல்வந்தர் தமது பயணத்தில் நேரில் கண்டார். மனம் மகிழ்ந்த அவர், ஆசியப் பெண்களுக்கென்றே 1917ல் உபகாரச் சம்பளம் ஒன்றை ஏற்படுத்தினார். அதைப் பெற்று மிச்சிகன் சென்ற ஜானகி அம்மாள் முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பினார். மீண்டும் அதே நிதியின் உதவியுடன் சென்று, கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1931ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். காட்டுக் கரும்பு இனங்களின் குரோமோசோம்களைக் கணக்கிட்டார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கூட ஒட்டுச் சேர்த்துக் காட்டினார். சர் சி. வி. ராமன் தோற்றுவித்த இந்திய விஞ்ஞான அகாடமி, மறு ஆண்டே அவரை உறுப்பினராக ஏற்றது. ஆயினும் ஆண்களே நிறைந்த நிலையத்தில், திருமணமாகாத தனிப் பெண்ணாக, பிற்பட்ட வகுப்பினராக இருந்த அவருக்குச் சங்கடங்கள் குறைவில்லை.

1939ல் ஒரு மாநாட்டிற்காக எடின்பரோ சென்றபோது உலக யுத்தம் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி ஜான் இன்னெஸ் நிலையத்தில் பணி செய்தார். லண்டனில் குண்டு விழுந்த காலத்திலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த பயிர்களின் குரோமோசோம் நூல் 1945ல் வெளிவந்தது. ஒரு மக்னோலியா மலர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பின் பேரில் 1951ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். பத்மஸ்ரீ விருது கிடைத்தது 1977ல். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. அந்த முதுமையிலும் கேரளத்தின் சைலன்ட் வேலி காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். சென்னையை அடுத்த மதுரவாயலில், பல்கலைக்கழக ஆய்வுத் தோட்டத்தில் பணியாற்றி வந்த நிலையில் 1984 பிப்ரவரி 7ம் தேதி காலமானார்.

அவரைத் தேடிப் பாராட்டு தாமதமாகவே வந்தது. ஆனால் உதவி மட்டும், தேவைப்பட்ட இளமைக் காலத்திலேயே வந்தது. அந்த உபகாரச் சம்பளம் இல்லையேல், அவர் கல்லூரி ஆசிரியையாகவே ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

இன்று நம் பெண்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. உஸ்மானியா பல்கலைக்கழகமும், தார்நாகா, ஹப்சிகுடா பக்கத்துத் தேசிய ஆய்வுக்கூடங்களும் மல்காஜ்கிரிக்கு அருகிலேயே உள்ளன. தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. வயது வரம்பிலும் பெண்களுக்குச் சலுகை உண்டு. செலவுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு இதோ விடை இருக்கிறது. மீதிக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்களே.