ஸர் வால்ட்டர் ஸ்காட்டும் அவர் உலவிய குன்றுகளும்

கால் நலம் குன்றிய ஒருவர், தம் தேசத்தின் குன்றுகளையும் ஏரிகளையும் நேரிற் சென்று காணும்படி உலகத்தாரைத் தூண்டினார் என்பது வியப்பன்றோ? அவரே ஸர் வால்ட்டர் ஸ்காட். அவர்தம் நாவல்களை நம்மிற் பலர் வாசித்திருக்கிறோம். ஆயினும் அவர் புலமை நூலகத்தில் மட்டுமன்றி ஸ்காத்லாந்தின் நாட்டுப்புற வழிகளிலும் வளர்ந்தது என்பதை நாம் நினைப்பது அரிது.

ஸ்காட் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் எடின்பரோ நகரில் ஒரு வழக்கறிஞர்க்கு மகனாய்ப் பிறந்தார். பதினெட்டாந் திங்களிற் கண்ட சுரத்தால் அவர் வலக்கால் வலியிழந்தது. நாட்டுப்புறக் காற்று நலந்தரும் எனக் கருதிய பெற்றோர், ஸ்மெயில்ஹோம் என்னும் பழங்காவற் கோபுரத்தின் அருகே இருந்த பாட்டனாரது பண்ணைக்குக் குழந்தையை அனுப்பினர். வெயில் நன்கு எறித்த நாட்களில் அவரைப் பாறைகளினிடையே, முதிய இடையன் ஒருவன் ஆடு மேய்க்குமிடத்திற் கிடத்துவர். பிள்ளைமைக்குரிய பொறுமையின்மை அவரைச் சும்மா கிடக்க விடவில்லை. சிறிது சிறிதாய் நிற்கவும் நடக்கவும் கற்றார். அத்தை ஜேனட் அம்மையார் பழம்பாடல்களைச் சொல்லிச் செவிக்கு விருந்தளித்தார்.

கால் ஊனம் இறுதிவரை நீங்கவில்லை, நடையும் நிற்கவில்லை. தந்தையாரிடம் சட்டம் பயின்ற நாட்களில் ஒரே நாளில் இருபது முப்பது மைல் நடந்து, பாழடைந்த கோட்டைகளைக் கண்டு களித்தார். 1792-இல் வழக்கறிஞரான பின் ஏழாண்டுகள் தொடர்ந்து லிட்டெஸ்டேல் பள்ளத்தாக்கிற்குச் சென்று, முதியோர் பாடிய எல்லைப்புறப் பாடல்களைத் திரட்டினார். அத்தொகுதியின் முதற்பகுதிகள் 1802-இல் அச்சேறின.

1810-இல் கத்ரின் ஏரியைக் களமாகக் கொண்டு ஒரு கதைக்காவியம் வெளியிட்டார். எட்டுத் திங்களில் 25,000 பிரதிகள் விற்றன. அவ்வேரியையும் அதனைச் சூழ்ந்த டிராஸக்ஸ் மலைக்காட்டையும் காண மக்கள் திரண்டனர். விடுமுறை நாளில் இன்றும் அக்கரையில் உலாவுவோர், அறிந்தோ அறியாமலோ, அவர் அழைப்பிற்கு இணங்கியவரே ஆவர்.

ஆயினும் நாம் அவர் குறையை மறைத்தல் தகாது. ட்வீட் ஆற்றங்கரையில் அபட்ஸ்போர்டு என்னும் மாளிகையை எழுப்பி, மரங்கள் நட்டு, மேலும் மேலும் நிலம் வாங்கினார். அச்சுத்தொழிலிலும் மறைவாகப் பங்கு கொண்டிருந்தார். 1826-இல் அத்தொழில் வீழ்ந்தபோது 1,20,000 பவுனுக்கு மேற்பட்ட கடன் அவர் தலைமேல் விழுந்தது. அவ்வாண்டே மனைவியாரும் மறைந்தார். கடன்காரரைக் கைவிட்டுத் தப்ப அவர் விரும்பவில்லை. எழுதியே தீர்ப்பதெனத் துணிந்தார். இராக்காலம் வருமுன் உழைக்கவேண்டும் என்பதை நினைப்பூட்டும் வேதமொழியைத் தம் தோட்டத்துச் சூரியகடிகாரத்திற் கிரேக்கத்திற் பொறித்திருந்த அவர், அதன்படியே உடல் தளரும்வரை உழைத்தார். 1832 செப்டம்பர் 21-இல் உயிர் நீத்தார். எஞ்சிய கடன் அவர் நூல்களின் உரிமையால் 1847-இல் முற்றும் தீர்ந்தது.

அவர் உடலை டிரைபர்க் மடத்திற்கு எடுத்துச் சென்றபோது, பெமர்ஸைடு மேட்டில், அவர் வழக்கமாய் நின்று நோக்கும் இடத்தே ஊர்தி சற்று நின்றதென்பர். கீழே ட்வீட் வளைந்தோட, எதிரே ஈல்டன் குன்றின் மூன்று முடிகளும் தோன்றும் அவ்விடம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. 1996-இல் திறந்த ஸெயிண்ட் கத்பர்ட் நடைவழி, மெல்ரோஸ் ஊரினின்று புறப்பட்டு முதலில் அக்குன்றின்மீதே ஏறுகிறது.

நண்பர்காள்! விலைகொடுத்து வாங்கிய நிலம் ஸ்காட்டுக்குக் கவலையை வளர்த்தது; ஊனக்காலால் நடந்து கண்ட நிலமோ அவருக்கும் உலகிற்கும் குறையாச் செல்வமாயிற்று. நலமுள்ள கால்களைப் பெற்ற நாம், நம்மைச் சூழ்ந்த வழிகளில் எத்தனை நடந்தறிந்தோம்?