ரூஸ்வெல்ட்டும் ரத்த அழுத்தமும்

அமெரிக்க அதிபர் தேர்தலில் நான்கு முறை வென்றவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒருவர்தான். பி.பி. மாத்திரை சாப்பிடும் நம்மில் பலரும் அவர் வாழ்க்கையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

1882 ஜனவரி 30 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 1921-ல், 39 வயதில், போலியோ என்று கண்டறியப்பட்ட நோயால் கால்கள் செயலிழந்தன. ஆனாலும் அரசியலை விடவில்லை. 1933 மார்ச்சில் அதிபரானபோது அமெரிக்க வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. எல்லா வங்கிகளுக்கும் சில நாள் விடுமுறை விட்டு, நிலைமையைச் சோதித்து, நல்லவற்றை மீண்டும் திறக்க வைத்தார். வங்கியில் வேலை பார்த்த என் போன்றவர்களுக்கு அவர்மேல் தனி மரியாதை வர இதுவே போதும்.

நாட்டின் கணக்கைச் சரிசெய்தவரின் உடல்கணக்கு மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. 1935-ல் அவருடைய ரத்த அழுத்தம் 136/78. 1937-ல் 162/98. 1941-ல் 188/105. எண்களைக் குறித்து வைத்தார்கள்; ஏறிக்கொண்டே போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் அழுத்தம் கூடுவது இயல்பு என்று பல மருத்துவர்கள் நம்பிய காலம் அது. அவருடைய சொந்த மருத்துவரோ காது மூக்கு தொண்டை நிபுணர்.

1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. இதயம் வீங்கி, திணறிக்கொண்டிருந்தது. டிஜிட்டாலிஸ் மருந்து, ஓய்வு, குறைந்த சிகரெட், உப்பு குறைத்த சாப்பாடு: அன்று தர முடிந்தது அவ்வளவுதான். இதயத்துக்குச் சற்று நிம்மதி கிடைத்தது, அழுத்தம் இறங்கவில்லை. தன் நோயைப் பற்றி ரூஸ்வெல்ட் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்று புரூயன் பின்னாளில் எழுதினார்.

உப்பை ஏன் குறைக்கச் சொன்னார்கள்? உடலில் உப்பையும் நீரையும் நிர்வகிப்பது சிறுநீரகம். அழுத்தமோ உப்போ குறைந்தால் அது ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. அதன் விளைவாக ஆஞ்சியோடென்சின் உருவாகி ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்க வைக்கிறது. அது உப்பை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. உப்போடு நீரும் தங்குகிறது. உப்பு நிறையச் சாப்பிடும்போது இந்த ஏற்பாடு அடங்கிவிட வேண்டும். சரியாக அடங்காதவர்களுக்கும், உப்பை வெளியேற்றும் திறன் குறைந்தவர்களுக்கும் அழுத்தம் ஏறும்.

ரெனினை 1898-லேயே ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் கண்டுபிடித்துவிட்டார்கள். நாயின் சிறுநீரக ரத்தக் குழாயை நெருக்கினால் அழுத்தம் ஏறுவதை 1934-ல் கோல்ட்பிளாட் காட்டினார். ஆய்வுக்கூடம் அறிந்திருந்தது, மருந்துக்கடையில்தான் எதுவும் இல்லை.

1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்குப் போய் வந்தார். ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில், ஓவியர் ஒருவர் தன்னை வரைந்துகொண்டிருந்தபோது, பின்தலையில் கடுமையான வலி என்று சொல்லி மயங்கினார். அழுத்தம் 300/190-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு. அன்றே காலமானார். வயது 63.

ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் கேப்டோபிரில் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1981-ல்தான் அனுமதி கிடைத்தது. இன்று 'பிரில்', 'சார்ட்டன்' என்று முடியும் பெயருள்ள மாத்திரைகள் இந்தச் சங்கிலியைத்தான் அறுக்கின்றன. ஒரு நாட்டின் அதிபருக்கே கிடைக்காதது நம் மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

ஆனால் மாத்திரை போடுகிறோமே என்று ஊறுகாயையும் அப்பளத்தையும் அள்ளிவிடக் கூடாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சோடியம் குறைந்த உப்பு வாங்குபவர்கள் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும், இந்த மாத்திரைகளோடும் சிறுநீரகக் கோளாறோடும் அது ஒத்துப்போகாமல் போகலாம். பி.பி. பார்க்கும்போது எண்ணைக் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். போன தடவை எண்ணோடு ஒப்பிட்டும் பாருங்கள்.