கோர்க்கம் நகரின் புனித நிக்கோலாஸ் பீக்

ஒல்லாந்தர் என்றாலே நம் முன்னோருக்கு நினைவுக்கு வந்தது துன்பந்தான். 1658-ல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தில் நம் குருக்களைத் துரத்திவிட்டுத் திருப்பலியைத் தடை செய்தார்கள். 1687-ல் புனித யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் அங்கே நுழைய வேண்டியிருந்தது அதனாலேயே. ஆனால் அந்த ஒல்லாந்து நாட்டிலேயே, அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன், சொந்த ஊராரின் கண்ணெதிரே வேதசாட்சிகளாக மரித்த கத்தோலிக்கரும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்களுள் முதல்வரான புனித நிக்கோலாஸ் பீக்கின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்புகிறோம்.

மெர்வேடே ஆற்றங்கரையில் உள்ள கோர்க்கம் என்ற வணிக நகரில் 1534 ஆகஸ்ட் 29-ல் நிக்கோலாஸ் பிறந்தார். ஹெர்டோகன்போஸ் நகரில் கல்வி கற்று, அங்கேயே பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். லூவேன் பல்கலைக்கழகத்தில் மறைநூல் பயின்று, 1558-ல் குருவானார். பல ஊர்களில் பிரசங்கம் செய்தபின், பிறந்த ஊரிலுள்ள மடத்துக்கே தலைவராக வந்து சேர்ந்தார். எப்போதும் மலர்ந்த முகம் உடையவர் என்றும், கடவுளுக்கு மகிழ்ச்சியோடு ஊழியம் செய்யவேண்டுமென்று மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவர் என்றும் அவரை அறிந்தவர்கள் சாட்சி கூறியுள்ளனர். சொந்த ஊரில் குருவாக இருப்பது எளிதல்ல. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, கூடப் படித்தவர்கள் எல்லாரும் அந்தத் தெருக்களில்தான் இருந்தார்கள்.

அக்காலத்தில் அந்நாட்டை ஆண்டவர் இஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்பு. 1566-ல் கல்வீனிய மதத்தைத் தழுவியவர்கள் கோவில்களில் புகுந்து சுரூபங்களை உடைத்தார்கள். அதை அடக்க 1567-ல் வந்த ஆல்பா பிரபு தனி நீதிமன்றம் அமைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றான். விற்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு வரி என்றும் ஆணையிட்டான். கத்தோலிக்க வியாபாரிகளே கொதித்தெழுந்தார்கள். 1572-ன் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் கடைகள் அடைத்துக் கிடந்தன. நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கத்தோலிக்க மறையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த படை, அந்த மறைக்கே பெருங்கேட்டை விளைவித்தது. குருவையும் இஸ்பானியச் சிப்பாயையும் மக்கள் ஒன்றாகவே பார்க்கத் தொடங்கினார்கள்.

கடலில் திரிந்த கலகக்காரர்களுக்குக் கடற்பிச்சைக்காரர்கள் என்று பெயர். பிரபுக்கள் சிலர் மனுக்கொடுக்க வந்தபோது யாரோ பிச்சைக்காரர் என்று ஏளனம் செய்ய, அவர்கள் அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். பெயரில்தான் பிச்சை, கையில் இருந்ததோ வாள். 1572 ஏப்ரல் 1-ல் அவர்கள் பிரீல் துறைமுகத்தைப் பிடித்தார்கள். ஜூன் 26-ல் கோர்க்கம் அவர்கள் கைக்கு வந்தது. குருக்களும் கத்தோலிக்கக் குடும்பத்தினர் சிலரும் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். உயிருக்குத் தீங்கில்லை என்ற வாக்குறுதியின் பேரில் கோட்டை திறக்கப்பட்டது. வாக்குறுதி காற்றில் போயிற்று. பணம் கொடுக்க முடிந்த பொதுநிலையினர் மீட்கப்பட்டார்கள். குருக்களும் துறவிகளும் சிறையில் அடைபட்டார்கள்.

கோவில் பொருள்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுச் சிப்பாய்கள் இரவெல்லாம் அடித்தார்கள். நிக்கோலாசின் இடையில் கட்டியிருந்த சபைக் கயிற்றையே கழுத்தில் மாட்டி அவரைத் தூக்கினார்கள். கயிறு அறுந்து அவர் மூர்ச்சையாகி விழுந்தார். உயிர் இருக்கிறதா என்று பார்க்க மெழுகுவர்த்திச் சுடரால் முகத்தைச் சுட்டார்கள். செத்துவிட்டார் என்று உதைத்துவிட்டுப் போனார்கள். அவர் கண் விழித்தார்.

ஜூலை 6-ஆம் நாள் இரவு, அரைகுறை ஆடையோடு அவர்களைப் படகில் ஏற்றினார்கள். வழியில் டோர்ட்ரெக்ட் நகரில், வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். பிரீலில் தூக்குமரத்தைச் சுற்றி நடக்கவிட்டுப் பாடச் சொன்னார்கள். கேலி செய்த கூட்டத்தினரும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. சில ஆண்டுகளுக்கு முன்வரை இதே பாடல்களைக் கோவிலில் கேட்டவர்களே.

பிரீலின் தலைவன் லுமே. நற்கருணையில் ஆண்டவர் பிரசன்னமாயிருப்பதையும் பாப்பரசரின் அதிகாரத்தையும் மறுதலித்தால் விடுதலை என்று அவன் சொன்னான். சிலர் தளர்ந்தார்கள். அவர்களை நாம் குறை கூற மாட்டோம். அந்த இருட்டறையில் நாம் இருந்ததில்லை.

அப்போது நிக்கோலாசின் சகோதரர் இருவர் கோர்க்கத்திலிருந்து அவரைத் தேடி வந்தார்கள். உடன்பிறந்தவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு மட்டுமே அவர்களுக்கு. அதிகாரிகளிடம் மன்றாடினார்கள். பாப்பரசரை மட்டும் விட்டுவிட்டால் போதும், நற்கருணையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்று தம்மவரிடமும் கெஞ்சினார்கள். நிக்கோலாஸ் இணங்கவில்லை. தோழர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் வீடு திரும்பவும் அவருக்கு மனமில்லை. அவர் அந்த மடத்தின் தலைவர். கூட இருந்த பலர் அவருடைய பொறுப்பில் இருந்தவர்கள். சகோதரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சிறையில் இருந்தவர் பட்ட துன்பத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்த இருவரும் என்ன மனத்தோடு ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள் என்பதையும் நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

குருக்களையும் துறவிகளையும் துன்புறுத்தக் கூடாது என்று கலகத்தின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் எழுதிய கடிதம் வந்தது. லுமே அதை மதிக்கவில்லை. ஜூலை 9, நள்ளிரவுக்குப் பின், ஊருக்கு வெளியே ருக்கே என்னுமிடத்தில் இடிந்து கிடந்த மடத்துக்கு அவர்களைக் கொண்டு சென்றான். அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்த சேற்றுமண் கட்டிகளைச் சேர்த்துவைக்கும் கொட்டகை அங்கே இருந்தது. அதன் உத்தரங்களில் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். முதலாவதாக நிக்கோலாஸ், வயது 37. அவரோடு பிரான்சிஸ்கன் சபையார் மொத்தம் பதினொருவர். அவர்களுள் தொண்ணூறு வயதான தென்மார்க்கு நாட்டு வில்லகாதும் ஒருவர். கோர்க்கம் பங்குக் குரு லெயோனார்து வெகேல் ஏழைகளின் நண்பர் என்று பேர் பெற்றவர். ஆந்திரேயாஸ் வௌட்டர்சின் கதை வேறு. குருவாயிருந்தும் ஒரு பெண்ணோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்று, ஊராரின் ஏச்சுக்கு ஆளானவர் அவர். ஒழுங்காக வாழ்ந்த சிலர் தளர்ந்த அந்த இரவில், அவர் தளரவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் டெல்ப்ட் நகரத்து முதிய குரு கொர்னேலிஸ் மூசியுசையும் லுமே கொன்றான். 1573-ல் இளவரசர் அவனைப் பதவியிலிருந்து நீக்கினார். ஆனால் மக்களின் துயரம் அதனால் குறையவில்லை. மூசியுஸ் இறந்த அதே மாதம் முதல் நாள் இஸ்பானியப் படை நார்டன் நகருக்குள் புகுந்து, அங்கிருந்தோரை ஏறக்குறைய அனைவரையும் வெட்டியது. இறந்தவர்களுள் கத்தோலிக்கர்களும் ஏராளம். 1574 வரை முற்றுகையிடப்பட்ட லெய்டன் நகரில் பசியாலும் கொள்ளைநோயாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஒல்லாந்து மாகாணத்தில் கத்தோலிக்க வழிபாடு 1573-ல் தடை செய்யப்பட்டது. அதன்பின் நம் மறையினர் வீட்டு மாடிகளிலும் பரண்களிலும் கூடித் திருப்பலி கண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் அப்படிப்பட்ட பரண் கோவில் ஒன்றை இன்றும் பார்க்கலாம்.

நிக்கோலாசின் சகோதரி மகன் வில்லெம் எஸ்டியுஸ் பெரிய மறைநூல் வல்லுநராகி, தாய்மாமனுடைய மரணத்தை நேரில் கண்டவர்கள் கூறியவற்றைச் சேர்த்து 1603-ல் நூலாக வெளியிட்டார். நாம் இவ்வளவு விவரம் அறிவது பெரும்பாலும் அதனால்தான். பத்தொன்பது பேரும் 1675-ல் முத்திப்பேறு பெற்றவர்களாகவும், 1867 ஜூன் 29-ல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசரால் புனிதர்களாகவும் அறிவிக்கப்பட்டார்கள். திருநாள் ஜூலை 9. ஒல்லாந்து நாட்டுக்கு மீண்டும் ஆயர்கள் நியமிக்கப்பட்டது 1853-ல்தான். அந்தக் கொட்டகை இருந்த ருக்கேயில் இன்று ஒரு யாத்திரைக் கோவில் இருக்கிறது.