முறிந்த மூங்கிலும் பாஸ்கராச்சாரியாரும்

இந்தியக் கணித மேதைகளுள் ஒருவரான பாஸ்கராச்சாரியார் 1114ஆம் ஆண்டில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஓர் ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தை மகேசுவரர் வானியல் அறிஞர். தந்தையே அவருக்கு ஆசானாகவும் விளங்கினார்.

பாஸ்கரர் தமது 36ஆம் வயதில், 1150ஆம் ஆண்டில், ‘சித்தாந்த சிரோமணி’ எனும் நூலை இயற்றினார். அதன் முதல் பகுதியாகிய ‘லீலாவதி’ கணிதத்தைச் செய்யுளில் கற்பிக்கிறது. லீலாவதி என்பது அவருடைய மகளின் பெயர் என வழிவழியாகக் கூறுவர். கணித விதிகளை மனப்பாடம் செய்வது எளிது. அவற்றைப் பயன்படுத்துவதே கடினம். ஆகவே, பாஸ்கரர் விதிகளோடு புதிர்களையும் தந்தார்.

அவற்றுள் ஒன்று மூங்கில் புதிர். 32 முழ உயரமுள்ள மூங்கில் காற்றில் முறிகிறது. அதன் நுனி, அடியிலிருந்து 16 முழத் தொலைவில் தரையைத் தொடுகிறது. அப்படியானால், மூங்கில் எவ்வளவு உயரத்தில் முறிந்தது?

நிற்கும் பகுதி, தரை, சாய்ந்த பகுதி ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தை உருவாக்குகின்றன. சாய்ந்த பகுதியே அதன் கர்ணம். கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து நிற்கும் பகுதியின் வர்க்கத்தைக் கழித்தால், தரைத் தொலைவின் வர்க்கமாகிய 256 கிடைக்கும். அதனை மூங்கிலின் மொத்த நீளமாகிய 32ஆல் வகுத்தால், இரு பகுதிகளுக்கும் உள்ள வேறுபாடு 8 என அறியலாம். 32இலிருந்து 8ஐக் கழித்தால் 24. அதில் பாதி 12. எனவே, மூங்கில் 12 முழ உயரத்தில் முறிந்தது. சாய்ந்த பகுதியின் நீளம் 20 முழம்.

செங்கோணம் இல்லாத முக்கோணத்திற்கும் அவர் வழி காட்டினார். பக்கங்கள் 13, 15, அடிப்பக்கம் 14 எனில், உச்சியிலிருந்து வரையும் செங்குத்துக்கோடு அடிப்பக்கத்தை 5, 9 எனப் பிரிக்கும். அதனால் இரு செங்கோண முக்கோணங்கள் தோன்றும். 13இன் வர்க்கத்திலிருந்து 5இன் வர்க்கத்தைக் கழித்தால் 144, உயரம் 12.

இத்தேற்றத்தைப் பாஸ்கரர் கண்டுபிடிக்கவில்லை. கிரேக்க அறிஞர் பித்தாகரஸின் பெயரால் வழங்கும் இதனைப் பண்டைய இந்தியாவில் வேள்வி மேடை அமைத்தோரும் அறிந்திருந்தனர். பாஸ்கரரோ நான்கு சமமான செங்கோண முக்கோணங்களைச் சதுரமாக அடுக்கி அதனை மெய்ப்பித்தார். கற்போர் மனத்தில் பதியவும் வைத்தார்.

அவர் மறைந்தபின், 1207ஆம் ஆண்டில் பேரன் சங்கதேவர் அவருடைய நூல்களைக் கற்பிக்கக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். 1587ஆம் ஆண்டில், அக்பரின் அவைப் புலவர் பைசி லீலாவதியைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார்.

இன்று ஜொகூரில் படிவம் 1 மாணவர்களும் இத்தேற்றத்தைக் கற்கின்றனர். ஏற முடியாத உயரத்தையும் தரையில் நின்றே கணிக்கலாம் என்பதே பாஸ்கரரின் மூங்கில் புகட்டும் பாடம்.