பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்: யார் இந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்?

வேப்பம்பட்டில் ரயில் ஏறி தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்காது. அங்கிருந்து வடமேற்கே, பூண்டி ஏரிக்கு அருகே இருக்கும் அதிரம்பாக்கம், உலகத் தொல்லியலில் மிக முக்கியமான ஊர். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் தொல்லியல் படித்தவரும் இல்லை. பாறையும் மண்ணும் ஆராய வந்த ஒரு நிலவியலாளர்.

28 வயதில் ஒரு கண்டுபிடிப்பு

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவ மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்கல் எடுத்த குழியில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் கல். ஆனா, பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த ஆதிமனிதக் கருவிகள் பற்றி ஃபூட் அறிந்திருந்தார். கையில் இருப்பது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று புரிந்துகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியது அங்கேதான்.

ஒரு கல் போதுமா?

போதாது. தற்செயலாகக் கிடைத்தது என்று ஒதுக்கிவிடலாமே! அதனால் தேடல் தொடர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கத்தை அடைந்தார். அங்கே ஓடை அரித்த மண்ணில் கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகள் தென்னிந்தியாவிலும் குஜராத்திலும் அலைந்து சேகரித்தார். பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம் என்று பிரித்து, எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் குறித்து வைத்தார். அந்தச் சேகரிப்பை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. ஏற்காட்டில் குடியேறிய ஃபூட், 1912-ல் காலமானார்.

அவருக்குத் தெரியாமல் போன விடை

கருவிகள் மிகப் பழமையானவை என்பதை, அவை கிடந்த மண் அடுக்கை வைத்து ஃபூட் கணித்தார். எத்தனை ஆண்டு என்று சொல்ல அப்போது வழியில்லை. சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அதிரம்பாக்கத்தில் அகழாய்வு செய்து, 2011-ல் விடை சொன்னார்கள்: சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2018-ல் இன்னொரு முடிவும் வந்தது. அங்கே கருவி செய்யும் முறை சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அடுத்த கட்டத்துக்கு மாறிவிட்டது.

இதற்கெல்லாம் ஆதாரம் கல் மட்டும் இல்லை, அது கிடந்த மண்ணும்தான். இன்று திருவள்ளூர் வட்டாரத்தில் வயலும் மேடும் மனைகளாகின்றன. மண்ணைக் கலைத்துவிட்டால், எந்த ஆய்வகத்தாலும் அந்தக் கல்லின் வயதைச் சொல்ல முடியாது. ஃபூட் ஊர் ஊராகக் குறித்து வைத்ததன் அருமை இப்போதுதான் நமக்குப் புரிகிறது. நேரில் பார்க்க நினைப்பவர்களுக்குப் பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.