மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையவர்கள்

திருவெண்ணெய்நல்லூர் அவையத்தின்கண் நிகழ்ந்த வழக்கினை அறியாத சைவர் இலர். முதிய வேதியராக எழுந்தருளிய பெருமான் வாதியாக நின்றார். மணக்கோலத்து நம்பியாரூரர் பிரதிவாதியாக நின்றார். அவையோர், வந்தவர் முதியவர் என்றும் வேதியர் என்றும் கருதி அவர் சொல்லை வாளா ஏற்றுக்கொண்டாரல்லர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கினை நிறுவுமாறு கேட்டனர். கிழிக்கப்பட்டது படியோலை என்று தெரிந்தபின் மூலவோலையை வருவித்தனர். பாட்டனாரது கையெழுத்தை வேறோர் ஓலையொடு ஒப்புநோக்கினர். அதன் பின்னரே நம்பி தோற்றார் என்றனர். அங்கு வழங்கிய மொழி இருதிறத்தார்க்கும் தெரிந்த மொழி. தோற்றவர் தாம் எவ்வாற்றால் தோற்றோம் என்பதை உணர்ந்தே தோற்றார். இவ்வொன்றை நெஞ்சிற்கொண்டு, முன்சீப் வேதநாயகம் பிள்ளையவர்கள் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிள்ளையவர்கள் கிறித்துவ சமயத்தவர். சைவ சித்தாந்தத் திங்களிதழில் அவர் வரலாறு எற்றுக்கு என வினவுவார் சிலர் உளராகலாம். அவ்வினாவிற்கு விடையைத் திருவாவடுதுறை ஆதீனமே முன்னர்த் தந்துவிட்டது. அதனைப் பின்னர்க் காட்டுதும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11 ஆம் நாள் சவரிமுத்துப் பிள்ளை என்பார்க்கு மைந்தராகத் தோன்றினார்கள். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்றார்கள். ஆசிரியர் தொழிலே மாணவர்க்கும் வாய்த்தது. 1848 இல் அந்நகர நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்து, 1850 இல் மொழிபெயர்ப்பாளராயினார்கள்.

இப்பணியைச் சிறிதென்று எண்ணற்க. அக்காலத்து மேல்மன்ற நீதிபதிகள் ஆங்கிலேயர். வழக்காடுவோரோ உழவரும், வணிகரும், கைம்பெண்டிரும், அறநிலையத்தாரும் ஆகிய தமிழர். ஓர் ஏழையின் காணி நிற்பதும் போவதும் இடைநின்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரது சொல்லில் தங்கியிருந்தது. ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு குடும்பம் பிறழும். அவ்விடத்திலிருந்து பல்லாண்டு நோக்கிய ஒருவரே பின்னர் நீதியிருக்கையில் ஏறினார் என்பதே பிள்ளையவர்கள் வரலாற்றில் யாம் முதன்மையாகக் கருதுவது. சட்டத்தைத் தேர்வுக்கென நூலளவிற் கற்று வந்தோர் பலர். மக்கள் மன்றத்தில் திகைத்து நின்ற நிலையைக் கண்டு வந்தோர் சிலரே.

1857 இல் தரங்கம்பாடிக்கு முன்சீபாக நியமனம் பெற்றார்கள். அவ்வூர் டேனியர் வசமிருந்து 1845 இல்தான் ஆங்கிலேயர் கைக்கு விலையாக வந்தது. பின்னர்ச் சீகாழியிலும், அதன்பின் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார்கள். முன்சீப் மன்றங்கள் சென்னை மாகாணத்தில் 1816 ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டத்தால் ஏற்பட்டவை. சிறுதொகை வழக்குகளே அங்கு வரும். ஆயின் நாட்டு மக்களுட் பெரும்பாலோர் அரசாங்கத்து நீதி என்பதைக் கண்டது அம்மன்றத்திலேதான்.

அவர்கள் பதவியேற்ற இரண்டாண்டில் 1859 ஆம் ஆண்டின் 8 ஆம் சட்டமாகிய உரிமைவழக்கு நடைமுறைச் சட்டம் வெளிவந்தது. அதன்படி வாதி தன் பிராதினை எழுத்தில் தந்து, அதிற் கூறியன உண்மையென உறுதி செய்தல் வேண்டும். பிரதிவாதிக்குச் சம்மன் செல்லும். அவன் வாராதொழியின் வழக்கு ஒருதலையாகவே கேட்கப்படும். இருவரும் வாராவிடின் தள்ளப்படும். இருவரும் வந்தவிடத்து, நீதிபதி இருவர் கூற்றையும் நோக்கி, எவ்வெப் பொருளில் இருவரும் மாறுபடுகின்றனர் என்று வினாக்களாக வகுத்துக்கொள்வர். இவ்வகுப்பே வழக்கின் உயிர்நிலை. பின்னரே ஆவணமும் சாட்சியும், அவற்றின்மேல் தீர்ப்பு. சித்தாந்த சாத்திரம் பயின்றார்க்கு இம்முறை புதிதன்று. பரபக்கத்தைப் பரபக்கத்தார் வாய்ச்சொல்லாகவே முன்வைத்து, மாறுபடும் இடம் இதுவெனத் தெரிந்து, அளவையால் ஆராய்ந்து முடிவு கூறுதலே நம் ஆசிரியன்மார் கொண்ட நெறியுமாம்.

சாட்சி கூறுவார் சூளுறவு பற்றியும் ஒன்று கூறுதல் தகும். முன்னாளில் இந்துக்கள் கங்கைநீர் முதலியவற்றைத் தொட்டு ஆணையிட வேண்டியிருந்தது. அதற்கு நாணியும் அஞ்சியும் மெய்யறிந்தார் பலர் மன்றம் ஏறாதொழிந்தனர். 1840 ஆம் ஆண்டின் 5 ஆம் சட்டம் அதனை விலக்கி, எல்லாம்வல்ல இறைவன் திருமுன் மெய்யே உரைப்பேன் என்று உறுதி கூறுதலே போதும் என வகுத்தது. பிள்ளையவர்கள் மன்றத்தில் ஏறிய சைவரும் வைணவரும் இவ்வுறுதியே கூறினர். இறைவனை அவ்வாறு பொதுமையிற் சுட்டும் முறையைப் பிள்ளையவர்கள் தாம் 1878 இல் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளிலும் மேற்கொண்டிருத்தல் நோக்கத்தக்கது.

மேல்மன்றத் தீர்ப்புகளை அறியாமல் கீழ்மன்றத்தில் வழக்குரைத்தல் அரிது. சென்னைச் சதர் அதாலத் மன்றம் 1805 முதல் வழங்கிய தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் அறியாத வக்கீலும், குடியானவனும், ஏன், கீழ்மன்ற அலுவலர் சிலரும் அவற்றைத் தொட இயலாதிருந்தனர். பிள்ளையவர்கள் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் திரட்டித் தமிழிற் சுருக்கி 1862 இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே. அந்நூலுக்கு அவர்கள் இட்ட பெயர் சித்தாந்த சங்கிரகம் என்பது. சித்தாந்தம் என்றவுடன் மெய்கண்ட சாத்திரங்களையே நினைக்கும் நம்மவர்க்கு இஃது ஒரு வியப்பாகலாம். ஆராய்ந்து முடிந்த முடிபு என்னும் சொற்பொருளை நோக்கின் பெயர் பொருந்துவதே. தமிழில் சட்டநூல் எழுதுதல் ஆகாது என்பார்க்கு அந்நூலே மறுப்பு.

சீகாழியில் இருந்த காலத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களது நட்பு அவர்களுக்கு வளர்ந்தது. மகாவித்துவான் சீகாழிக்கோவை இயற்றியதற்கு இந்நட்பும் ஒரு காரணம். பிள்ளையவர்கள் மேலேயே குளத்துக்கோவை என ஒரு கோவையும் அப்பெரியார் பாடினார். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய், சிவபூசை செய்பவராய், தலபுராணங்கள் பல இயற்றியவராய் விளங்கிய ஒருவர், கிறித்துவரான முன்சீபைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது சிறிய செயலன்று. பிள்ளையவர்களும் அவ்வாதீனத் தலைவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரவர்களைப் போற்றிப் பாடல்கள் இயற்றினார்கள். முன்னர்க் குறித்த வினாவிற்கு விடை இதுவே.

ஈண்டு ஒரு தடை எழும். ஆதீனங்களும் கோயில்களும் நிலவுடைமை உடையன. குத்தகை வழக்குகளில் கட்சிக்காரராய் மன்றம் ஏறுவன. நீதிபதி ஒருவர் மடத்தோடு நட்புக் கொள்ளுதல் தகுமோ? தடை வலிதே. கைக்கூலியை நீதிநூலில் கடிந்துபாடிய ஒருவர் அவ்விடுக்கணை அறியாதிருந்திரார். நட்பு புலமை பற்றியதாய் நின்றமையின் இழுக்கில்லை என்பது எம் கருத்து. ஆயினும் இக்காலத்து நீதிபதி ஒருவர் அவ்வாறு ஒழுகின் யாமே ஐயுறுவோம் என்பதையும் மறைத்தற்கில்லை.

1872 இல் பதவியினின்று ஓய்வுபெற்று மாயூரத்திலேயே தங்கினார்கள். நகராட்சித் தலைமையும் ஏற்றார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் கைப்பொருளை ஈந்து பலரைக் காத்தார்கள். 1879 இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் என்பது யாவரும் அறிந்தது. அதனைக் கதையென்றே படித்து விடுவார் பலர். நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரரும் தமிழராயிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பதை அந்நூலில் அவர்கள் எள்ளி நகைத்திருக்கும் பகுதி, நீதியிருக்கையில் இருந்து கண்டவர் எழுதியது என்பதை நினைந்து படித்தல் வேண்டும். தன் வழக்கில் தன்னைப்பற்றி என்ன பேசப்படுகின்றது என்றறியாதவன் அவ்விடத்தில் இருந்தும் இல்லாதவனே என்பது அவர்கள் கொள்கை.

அக்கொள்கை மெல்லவே பலித்தது. 1956 ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும், 1976 ஆம் ஆண்டின் திருத்தமும் கீழ்மன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழுக்கு உரியவாக்கின. உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலமே நிற்கின்றது. சென்னைக்குத் தெற்கே கோவிலம்பாக்கம் முதலிய ஊர்களில் ஏரிப்பாசன வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. அம்மனைகளின் பட்டாவும் பத்திரமும் பற்றி வழக்குடையார் கீழ்மன்றத்தில் தம் மொழியிற் பேசலாம். மேல்முறையீட்டில் சென்னை சென்றவுடன் தம் வழக்கைப் பிறர் சொல்லக் கேட்டறிகின்றனர். 1850 இல் மொழிபெயர்ப்பாளராயிருந்த இளைஞர் கண்ட காட்சி இதனினும் மிக வேறானதன்று.

மகாவித்துவான் 1876 இலும், சுப்பிரமணிய தேசிகரவர்கள் 1888 இலும் சிவபதம் எய்தினர். அடுத்த ஆண்டு, 1889 சூலைத் திங்கள் 21 ஆம் நாள், பிள்ளையவர்களும் இறைவனடி சேர்ந்தார்கள்.