பேராசிரியை லில்லியன் கில்பிரெத் அம்மையார்

ஆளும் கருவியும் காலமும் வீண்போகாமல் ஆலைகளில் வினை முடியும் வகையை ஆராய்வது தொழிற்பொறியியல் என்னும் கலை. அமெரிக்காவில் அஃது முளைவிட்ட நாளிலேயே அதனைப் பேணி வளர்த்து, பேராசிரியப் பதவியும் எய்தியவர் லில்லியன் கில்பிரெத் அம்மையார். அவர்தம் வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பத்தினர், விசேஷமாகப் பெண்மணிகள், அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதலாயினோம்.

அம்மையார் 1878-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி கலிபோர்னியா மாகாணத்து ஓக்லண்டு நகரில் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். பெண்ணுக்கு உயர்கல்வி எதற்கு என்பது தந்தையாரின் எண்ணம். அவரை ஒருவாறு இசைவித்துப் பர்க்லி சர்வகலாசாலையிற் சேர்ந்த மகளார், 1900-இல் பி. ஏ. பட்டமும் 1902-இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். 1904-இல் பிராங்க் கில்பிரெத் என்பாரை மணந்தார்.

பிராங்க் கல்லூரி புகாதவர். கொற்று வேலை பயின்று கட்டட ஒப்பந்தக்காரராய் உயர்ந்தவர். ஒரு செங்கல் வைக்கக் கொற்றர் 18 அசைவுகள் செய்வதைக் கண்டு, கல்லும் சாந்தும் குனியாமலே கைக்கெட்டுமாறு சாரத்தைத் திருத்தி, அவற்றை நாலரையாகக் குறைத்தார். டெய்லர் என்பார் கடிகாரத்தைக் கையிற் கொண்டு வேலையின் நேரத்தை அளந்த காலம் அது. கில்பிரெத் தம்பதிகளோ கையசைவுகளைச் சலனப் படமாக எடுத்துத் தேடல், பற்றல், கொண்டுசெல்லல் எனச் சிற்றசைவுகளாகப் பகுத்து ஆராய்ந்தனர். செய்யுளை அசையும் சீருமாகப் பிரித்துக் காணும் நம் யாப்பு நூலார் முறை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. வேலையாளின் களைப்பையும் மனநிலையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பது அம்மையார் சிறப்பாக வற்புறுத்திய கொள்கை.

இக்கொள்கையை விளக்கி, நிர்வாகத்தின் மனநூலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914-இல் வெளிவந்தது. எழுதியவர் பெண்ணென்பது தெரியலாகாதென்று பதிப்பாளர் எல். எம். கில்பிரெத் என்றே அச்சிட்டனர். நூலை விரும்பி, நூலாசிரியையை மறைத்த இச்செயலை நாம் நேர்மையென்று கொள்ளோம். 1915-இல் பிரவுன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அவர் ஆராய்ந்த பொருள், கற்பிக்குங்கால் நேரும் வீண்செலவை ஒழித்தல். இவையெல்லாம் நிகழ்ந்த காலத்தில் அவர் வீட்டில் தொட்டில் ஓய்ந்ததில்லை. பன்னிரு மக்கள் பிறந்தனர். அவருள் ஒரு பெண்மகவு 1912-இல் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தது.

1924-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் தேதி பிராங்க் மாரடைப்பால் திடீரென இறந்தார். மூத்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது. கடைக்குட்டிக்கு இரண்டு நிரம்பவில்லை. பிரேக் நகரத்து மாநாட்டிற் பேச அவர் ஒப்புக்கொண்டிருந்தார். சில நாட்களுக்குள் கைம்பெண்ணாகிய அம்மையாரே கப்பலேறிச் சென்று அவரிடத்தில் நின்று பேசினார். திரும்பியபின் காத்திருந்தது கசப்பு. கணவரோடு வேலை செய்த காலத்து அவரை மதித்த நிறுவனங்களிற் சில, மாதொருத்தியை நம்பி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன்வரவில்லை. அவர் தம் இல்லத்திலேயே வகுப்பு நடத்தித் தொழிலதிபர் அனுப்பியவர்க்குக் கற்பித்தார். பெண்ணுக்குரிய இடம் அடுக்களையே என்றவர்க்கு விடை கூறுவார்போல் அடுக்களையையே ஆராய்ச்சிக் கூடமாக்கினார். 4,000-க்கு மேற்பட்ட பெண்களை வினவி, அடுப்பும் கழுவுதொட்டியும் எவ்வுயரத்தில் அமைதல் தகும் என்று ஆராய்ந்தார்.

1935-இல் பர்டியூ சர்வகலாசாலை அவரை நிர்வாகத்துறைப் பேராசிரியராக அமர்த்தியது. அதன் பொறியியற் பள்ளியில் பேராசிரியப் பதவி பெற்ற முதற் பெண்மணி அவரே. 1948-இல் ஓய்வு பெற்றார். மக்களிருவர் தம் குடும்பக் கதையை நகைச்சுவையாக எழுதிய நூலும் அவ்வாண்டே வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அதனால் உலகம் பன்னிரு பிள்ளைகளின் தாயை அறிந்த அளவு பேராசிரியையை அறியவில்லை என்பது நம் கருத்து. 1965-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியற் கழகம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்குமுன் பெண்ணொருவரும் அதில் இடம்பெற்றதில்லை. அப்போது அவர்க்கு வயது எண்பத்தேழு. 1972-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ஆம் தேதி பீனிக்ஸ் நகரில் உயிர் நீத்தார்.